கட்டி தட்டாத கை

பிளாஸ்டிக்கில் கல்லைக் கலக்கிறார்கள் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நம்பினவர்களும் "கலப்படமா?" என்று மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். கலப்படமெல்லாம் இல்லை ஐயா. நீங்கள் உட்காரும் நாற்காலி, குளிக்கும் வாளி, செடி வைத்த தொட்டி என்று எதை எடுத்தாலும் பெரும்பாலும் அதில் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் தூள் இருக்கும். அளவோடு, ஒவ்வொரு துணுக்கிலும் ஒரே மாதிரிப் பரவும்படி கலந்தால் வெறும் பிளாஸ்டிக்கைவிட விறைப்பாக நிற்கும். ஒழுங்காகக் கலக்காவிட்டால்தான் வினை. தூள் எங்காவது ஒரு கடுகளவு கட்டியாகத் தங்கிவிட்டால், அந்தப் பொருள் என்றைக்கு உடைந்தாலும் அந்த இடத்தில்தான் உடையும்.

அந்தத் தூளைப் பதினாறு வருஷமாகக் கலக்கிறவளைத் தொழிற்சாலையில் எல்லோரும் 'சல்லடை' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கும் அதில் கோபமில்லை. எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்க்காமல் வாங்கமாட்டாள். மூட்டையைக் கொடுத்தால் எடை கேட்பாள், சீட்டைக் கொடுத்தால் தேதி கேட்பாள், சேதியைக் கொடுத்தால் "யார் சொன்னா?" என்பாள். நாளைக்கு லீவு என்று ஒருநாள் யாரோ சொன்னதற்கு "எழுத்துல காட்டு" என்று நின்றவள் அவள். மற்றவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

முப்பத்து மூன்று வயதில் வேலைக்கு வந்தாள். வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர் விபத்தில் முதுகு அடிபட்டு ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். உலை ஏற வழியில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். உச்சுக்கொட்டாமல் உதவி செய்தவள் நாத்தனார் மட்டும்தான். கணவரின் ஒரே தங்கை. ரசாயனம் படித்துவிட்டு இதே தொழிற்சாலையின் லேபில் இருந்தாள். "எங்க அண்ணிக்கு ஒரு வேலை குடுங்க. அவங்க கை சுத்தம்" என்று மேனேஜரிடம் போய் நின்று, சரி என்கிற வரைக்கும் நகராமல் நின்றாள். நாத்தனார் என்றாலே முள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அது பொய்.

கலவைக் கூடத்தில் வேலை கேட்பதற்கு எளிது. மூடி போட்ட ஒரு பெரிய இரும்புப் பானை, அடியில் மூன்று அலகுகள் சுழலும். தூள் மூட்டையைப் பிரித்துக் கொட்டி, முதலில் தூளை மட்டும் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். உள்ளிருக்கும் ஈரம் முழுக்க ஆவியாகிப் போன பிறகு மெழுகுச் சீவலைப் போட வேண்டும். கல்லுக்குத் தண்ணீர் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் பிடிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. மெழுகுதான் நடுவில் நின்று சேர்த்துவைக்கும், கல்யாணத் தரகர் மாதிரி. ஆனால் ஈரம் போகும் முன்பே தரகரை உள்ளே விட்டால், அவர் ஈரத்தையும் சேர்த்துப் போட்டுப் பூட்டிவிடுவார். மேலே வழவழப்பு, உள்ளே கட்டி. கலந்த தூள் பக்கத்துக் கூடத்து நீள இயந்திரத்தில் உருகிய பிளாஸ்டிக்கோடு பிசையப்பட்டு, கயிறு கயிறாக வெளியே வந்து, தண்ணீரில் குளிர்ந்து, குருணையாக நறுக்கப்படும். அந்தக் குருணையை வாங்குகிறவர்கள்தான் அதை நாற்காலியாகவும் வாளியாகவும் வார்ப்பார்கள்.

ஈரம் போயிற்றா என்று பார்க்கப் பானையில் சூடு காட்டும் முள் ஒன்று உண்டு. சல்லடை அதன் பக்கம் திரும்புவதே இல்லை. "அது அஞ்சு டிகிரி பொய் சொல்லும்" என்பாள். அவளுக்குக் காதுதான் எல்லாம். ஈரத் தூள் பானைக்குள் தொப்தொப்பென்று விழும். காய்ந்ததும் சத்தம் மாறி, உஸ்ஸென்று ஒரே சீராக இரையும். அந்த உஸ் வந்த நொடியில் மெழுகு. பதினாறு வருஷத்தில் காது அவளைக் கைவிட்டதில்லை. ஊரையெல்லாம் சலிக்கிறவள் தன் காதை மட்டும் ஒருநாளும் சலித்ததில்லை. எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

குருணை மூட்டையானதும் ஒரு கைப்பிடி நாத்தனாரின் லேபுக்குப் போகும். அங்கே இரண்டு சோதனை. முதலாவது, எரிப்பது. பிளாஸ்டிக் எரிந்துபோனபின் மிஞ்சும் சாம்பலை நிறுத்தால் கல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும். இரண்டாவது ஃபிலிம். குருணையைச் சுடு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக்கி, விளக்குப் பெட்டியின்மேல் வைத்துப் பார்ப்பது. எவ்வளவு இருக்கிறது என்று சாம்பல் சொல்லும், எப்படிப் பரவியிருக்கிறது என்று ஃபிலிம்தான் சொல்லும். பத்துப் பேருக்குப் பத்து ரொட்டி வீட்டில் இருப்பது வேறு, ஆளுக்கொன்று கைக்கு வருவது வேறு இல்லையா? பார்த்து முடித்த ஃபிலிமைச் சீட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக் கிடங்குக் கோப்பில் வைப்பது அங்கே வழக்கம்.

போன வருஷம் சல்லடையின் கலவை ஒன்றில் ஒரு புள்ளி தெரிகிறது என்று நாத்தனார் தள்ளிவிட்டாள். தள்ளினது போகட்டும். 'கலவை சரியில்லை' என்று எழுதி, எல்லோரும் டீ குடிக்கும் இடத்துப் பலகையில் ஒட்டினாள். விதிப்படி ஒட்டத்தான் வேண்டும். ஆனாலும் சொந்த அண்ணி இல்லையா? ஒரு டன் குருணையை மறுபடி உருக்கி ஓட்டினார்கள். சல்லடைக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. "ஒரு வார்த்தை 'அண்ணி, வந்து பாருங்க'ன்னு கூப்பிட்டிருந்தா நான் ஓடிப் போய்ப் பாத்திருக்க மாட்டேனா?" என்று கணவரிடம் புலம்பித் தீர்த்தாள்.

அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாத்தனார் அண்ணனைப் பார்க்க வருவாள். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். "உங்க தங்கச்சி டீ குடிப்பாளான்னு கேளுங்க." "குடிப்பேன்னு அண்ணிகிட்ட சொல்லுண்ணே." ஏற்கெனவே முதுகுவலிக்காரர். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்துவலியும் சேர்ந்துகொண்டது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஒரு மழை வாரத்தில் குளியல் இருக்கைக்குக் குருணை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. கால் ஊன்ற முடியாதவர்களும் வயதானவர்களும் உட்கார்ந்து குளிக்க ஒரு நாலுகால் இருக்கை. நாற்பது மூட்டை. சல்லடை மூன்று தவணையாகத் தூள் கலந்து கொடுத்தாள், சாயந்திரத்துக்குள் குருணையாகி மூட்டை கட்டியாயிற்று. மறுநாள் காலை பானையைக் கழுவுவதற்காக அலகுகளைக் கழற்றினாள். அலகுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் ஒட்டியிருந்தன. கடுகளவு, மிளகளவு, ஒன்றிரண்டு பட்டாணியளவு. ஒன்றை எடுத்து நகத்தால் கீறினாள். மேலே மெழுகு வழுக்கியது. உள்ளே சில்லென்று ஈரம்.

நேற்றைய மூன்றாவது தவணையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். தொப்தொப், தொப்தொப். பிறகு உஸ். சந்தேகத்துக்கு இடமில்லாத உஸ். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கூடம் முழுக்க உஸ்ஸென்று ஒரே சீராக இரைந்தது. பானை திறந்து கிடந்தது, அலகுகள் அவள் காலடியில் இருந்தன, சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நேற்று மழையைக் கேட்டுவிட்டுத்தான் மெழுகு போட்டிருக்கிறாள்.

"ஐயோ, என் காதுல இடி விழ" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

லாரி இரண்டு மணிக்கு. அப்போது மணி பத்தரை. ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, ஃபிலிம். லேபில் ஃபிலிம் எடுத்துப் பார்த்திருந்தால் கட்டி தெரிந்திருக்கும், மூட்டைகளை நிறுத்தியிருப்பார்கள். இரண்டு உருண்டையைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு கிடங்குக்கு நடந்தாள். "என்னக்கா, இங்கயும் சலிக்க வந்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கிடங்குக்காரர் கோப்பை நகர்த்தினார். மேலாகவே இருந்தது நேற்றைய சீட்டு. சாம்பல் முப்பது சதவீதம், தேறியது, கீழே நாத்தனாரின் கையெழுத்து. ஃபிலிம் இல்லை.

விழுந்துவிட்டதோ என்று தரையில் தேடினாள். ஸ்டேப்ளர் அடித்த தடமே சீட்டில் இல்லை. பக்கத்தைப் பின்னால் தள்ளினாள். மற்ற ஆட்கள் கலந்ததில் எல்லாம் ஃபிலிம் ஒழுங்காக இருந்தது. அவள் கலந்ததில் இல்லை. அதற்கு முந்தினதிலும் இல்லை. புரட்டப் புரட்ட, பலகையில் ஒட்டின அந்த நாள்வரைக்கும் அவள் சீட்டில் ஒன்றில்கூட இல்லை. பயமாக இருந்தது கோபமாக மாறியது. பேசாதது சரி, முகம் பார்க்காதது சரி. வேலையையே பார்க்காமல் விடுவதா? ஒரு வருஷம் என்னைக் குப்பை மாதிரி ஒதுக்கிவைத்துவிட்டு நல்லபிள்ளையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே!

லேபில் நாத்தனார் தனியாகத் தகடு துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃபிலிம் எங்க?" என்றாள் சல்லடை. ஒரு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"எந்த ஃபிலிம்?"

"நேத்து போட்டதுக்கு. அதுக்கு முன்னாடி போட்டதுக்கு. ஒரு வருஷமா என் சீட்டுல மட்டும் ஒண்ணையும் காணோம். நான் கலக்குறது உனக்கு எடுத்துப் பாக்கக்கூட லாயக்கில்லாமப் போச்சா?"

நாத்தனார் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. பதில் சொல்லு."

"போன வருஷம் புள்ளின்னு தள்ளினேனே, அது உங்க கட்டி இல்ல." அவள் குரல் இறங்கியிருந்தது. "மறுநாள் தகட்டைத் துடைக்கிறப்பதான் பாத்தேன். பழைய பிளாஸ்டிக் ஒரு துளி தகட்டுலயே ஒட்டியிருந்துச்சு. என் தகடு, என் அழுக்கு. உங்க கலவை சுத்தமா இருந்துச்சு."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"பலகையில ஒட்டியாச்சு, ஒரு டன்னைத் திருப்பி ஓட்டியாச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வந்து சொல்லுவேன்? வாய் வரல அண்ணி. இனிமே அண்ணி கலவைய சந்தேகப்படுறதில்லைன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அளவுக்கு எரிச்சு மட்டும் பாப்பேன். ஃபிலிம் எடுக்க மாட்டேன். அண்ணி கை கட்டி தட்டாத கை, அதுக்கு ஃபிலிம் எதுக்குன்னு விட்டுட்டேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிஞ்ச வழி அதுதான்."

மன்னிப்புக் கேட்க உலகத்தில் ஆயிரம் வழி இருக்கிறது. ஒரு டீயை நீட்டி "தப்பு என்மேலதான்" என்றால் முடிந்துபோகும். படித்தவள் கண்டுபிடித்த வழியைப் பாருங்கள். பதினாறு வருஷத்தில் சல்லடையின் வேலையை யாரும் இப்படி மெச்சினதில்லை. அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்ததும் உண்மை, அந்த நேரத்தில் கைக்குள் உருண்டை இரண்டும் உறுத்திக்கொண்டிருந்ததும் உண்மை. விரலைப் பிரித்து மேஜைமேல் அவற்றை வைத்தாள்.

"இந்தா, கட்டி தட்டாத கை. நல்லாப் பாரு."

நாத்தனார் ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. "குளியல் இருக்கைக்கா?"

"ஆமா. மூணாந்தவணை. லாரி ரெண்டு மணிக்கு."

அதற்குமேல் யார்மேல் தப்பு என்று பேச நேரமில்லை. ஒருத்தி கிடங்குக்கு ஓடி லாரிச் சீட்டை நிறுத்தினாள், மற்றவள் தகட்டைச் சூடாக்கினாள். மூட்டைக்கு ஒன்றாக நாற்பது ஃபிலிம் எடுத்தார்கள். இருபத்தேழாவது மூட்டைவரைக்கும் பால் மாதிரி சுத்தம். அதற்குப் பிறகு புள்ளி, புள்ளி, புள்ளி. முப்பத்தைந்தாவதில் ஒன்றை நாத்தனார் லேசாக இழுத்ததும் புள்ளி இருந்த இடத்தில் ஃபிலிம் கிழிந்தது. சோப்பு நுரைக்கு நடுவில், ஈரத் தரையில், பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அந்த இருக்கையில் உட்காரப்போகிற யாரோ ஒருவரைச் சல்லடை நினைத்துப் பார்த்தாள்.

இரண்டு பேரும் மேனேஜரிடம் போய் நின்றார்கள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கானவர். சல்லடையைப் பார்த்து, "மழையில காது ஏமாந்துடுச்சு, நீங்களாவே வந்து சொல்லிட்டீங்க. இனிமே முள்ளைப் பாத்துதான் மெழுகு. இந்தத் தடவை எச்சரிக்கையோட விடுறேன்" என்றார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். "ஆனா நீ ஏமாறல. தெரிஞ்சே செஞ்சிருக்க. ஒரு வருஷம், பாக்காம 'தேறியது'ன்னு கையெழுத்து."

"ஆமா" என்றாள் நாத்தனார்.

"ஒவ்வொரு கலவையிலயும் சாம்பிளுக்குன்னு ஒரு பாட்டில் குருணை எடுத்து வெச்சிருக்கோமில்ல? உங்க அண்ணி கலந்ததுல நேத்துப் போட்டதை விட்டுட்டு எத்தனை பாட்டில்?"

"அறுபத்தி ஏழு."

"அறுபத்தி ஏழுக்கும் ஃபிலிம் எடு. எல்லாம் சுத்தமா இருந்தா லேப் உன்னோடது. ஒண்ணுல கட்டி இருந்தாலும், அந்தச் சரக்கு வாங்கினவங்களுக்கு நான் சொல்லியாகணும், நீ லேப்பை விட்டுப் போகணும். கட்டி எதுன்னு உங்க அண்ணிக்குத் தெரியும். அவங்களும் கூட உக்காந்து பாக்கட்டும்."

வெளியே வந்ததும் சல்லடைக்கு அழுகை வந்துவிட்டது. தப்பாகக் கலந்தவளுக்கு எச்சரிக்கை, நம்பினவளுக்குத் தூக்குக் கயிறு, இது என்ன நியாயம்? எனக்குச் சோறு போட்டவள் இவள். இப்போது இவள் சோற்றில் கை வைக்கப்போவது என் கை.

"அழாதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "அறுபத்தி ஏழும் சுத்தமாத்தான் இருக்கும். எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்படிடி தெரியும்? நீதான் பாக்கவே இல்லையே!"

இரண்டு நாள் பிடித்தது. ஒருத்தி அழுத்தி எடுப்பாள், தகட்டிலிருந்து உரித்து விளக்குப் பெட்டியின்மேல் வைப்பாள். மற்றவள் குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். வருஷம் பூராவும் சல்லடை கலந்தது ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. இது தண்ணீர்த் தொட்டிக்கு, இது பள்ளிக்கூட நாற்காலிக்கு, இது மருந்துக்கடைக் கூடைக்கு. முதல் நாள் முடிவில் முப்பத்து நான்கு சுத்தம். இரண்டாம் நாள் மத்தியானம் ஐம்பது தாண்டிற்று. விட்டுப்போன ஒரு வருஷப் பேச்சையும் அந்த இரண்டு நாளில் பேசினார்கள். அண்ணனின் கழுத்துவலியைப் பேசி இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சல்லடைக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒவ்வொரு சுத்தமான ஃபிலிமுக்கும் தன்னை அறியாமல் "ம்" என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

அறுபத்தொன்றாவதை உரித்துப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, "தகட்டைக் கழுவிட்டு வரேன்" என்று நாத்தனார் வெளியே போனாள். சல்லடை குனிந்தாள். வலது ஓரத்தில், விளிம்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, ஒரு வெள்ளைப் புள்ளி.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். எட்டு மாசத்துக்கு முன்னால் கலந்தது. பூந்தொட்டிக்கு. அதில் இந்நேரம் யார் வீட்டிலோ செடி பூத்திருக்கும். தொட்டி உடைந்தால் மண் கொட்டும், அவ்வளவுதானே? யார் விழப்போகிறார்கள்? இந்தத் துண்டைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு அதே பாட்டிலிலிருந்து இன்னொன்று அழுத்தி எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு சுத்தமாகத்தான் வரும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உலகமே சொல்கிறது. அறுபது சோறு பார்த்தாயிற்றே, போதாதா? ஃபிலிமை நுனியில் பிடித்துத் தூக்கிவிட்டாள். கை பைவரைக்கும் போயிற்று.

அங்கேயே நின்றது. பானைச் சோறு ஒரே தண்ணீரில் வேகிறது, ஒரு சோற்றைப் பார்த்து மற்றதைச் சொல்லலாம். அறுபது கலவையைப் பார்த்து அறுபத்தொன்றாவதைச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லலாம் என்று நம்பினதால்தான் நாத்தனார் இன்றைக்கு இந்த நிலையில் இருக்கிறாள். சல்லடை ஃபிலிமைப் பழையபடி பெட்டியின்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, தேம்பித் தேம்பி அழுதாள்.

நாத்தனார் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தகடு இல்லை.

"பாத்துட்டீங்களா அண்ணி?"

சல்லடை தலை நிமிர்ந்தாள். "நீ பாத்தியா?"

"உரிக்கிறப்பவே பாத்தேன்."

"அப்புறம் ஏண்டி வெளியே போன?"

"எனக்குச் சொல்லவும் தைரியமில்ல, மறைக்கவும் தைரியமில்ல. நீங்க என்ன செய்றீங்களோ அதுதான் சரின்னு விட்டுட்டுப் போயிட்டேன்."

"அடிப்பாவி!" என்று கத்தினாள் சல்லடை. "மறுபடியும் என் தலையிலயா? உனக்குப் புத்தியே வராதா? நான் அதைப் பைக்குள்ள போட இருந்தேன்டி! இந்தக் கை பை வரைக்கும் போச்சு! என்னைப் போயி நம்பி விட்டுட்டுப் போறியே!"

நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தார்கள். நாத்தனார் புள்ளியைப் பிளேடால் இரண்டாக வெட்டினாள். தூசியோ கருகலோ என்றால் அமிலம் பட்டால் சும்மா இருக்கும், சுண்ணாம்புக் கட்டி என்றால் பொங்கும். சல்லடை ஒரு துளி விட்டாள். சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கிற்று.

மீதி ஆறும் சுத்தம். ஆனாலும் மேனேஜர் சொன்ன சொல் சொன்னதுதான். அவருக்கும் மனசு கஷ்டமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. திங்கள்கிழமையிலிருந்து மூட்டை கட்டும் பிரிவு என்று எழுதிக் கொடுத்தார்.

லேபுக்குத் திரும்பி நாத்தனார் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்தாள். "அறுபத்தி ஏழுல அறுபத்தி ஆறு, அண்ணி. பரீட்சையா இருந்தா பதக்கமே குடுப்பாங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிற்று.

"பரீட்சைக்குப் போதும். உக்கார்றவங்களுக்குப் போதாதுடி" என்றாள் சல்லடை. அவள் தோளைப் பிடித்து மேஜைக்கு முன்னால் உட்காரவைத்தாள். சீட்டுக் கட்டை எடுத்து வைத்து, பேனாவைக் கையில் கொடுத்தாள். "உன் இடத்துக்கு யாரு வராங்களோ, அவங்களுக்கு எழுதி வெச்சுட்டுப் போ. நான் கலக்குற ஒவ்வொரு தவணைக்கும் ஃபிலிம் எடுக்கணும். ஒண்ணு இல்ல, ரெண்டு."

நாத்தனார் எழுதினாள்.

"இந்தம்மாவை நம்பாதேன்னு எழுது."

"அதை என்னால எழுத முடியாது அண்ணி."

"எழுதுடி."

நாத்தனார் குனிந்து, அழுதுகொண்டே எழுதினாள். லேபில் அவள் கையெழுத்துப் போட்ட கடைசிச் சீட்டு அதுதான்.